முதல் மணி நேரம்

ஏப்ரல் 21, திங்கள்

மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. புத்தாண்டிலிருந்து வெறுமனே கிடந்தது. "படுத்துட்டு ஃபேனையே பாத்துட்டு இருக்கறதுக்கு எதையாச்சும் எழுதும்மா" என்று இந்துமதி தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். என் மகள் டீச்சர். யாருக்காவது எதையாவது எழுதக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் இதைத் திறந்து பார்க்கமாட்டாள். பிள்ளைகள் நோட்டைத் திருத்தியே கண் போயிற்று என்று புலம்புகிறவள்.

என் பெயர் கமலவேணி. வயது அறுபத்தேழு. ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேணி மெஸ் என்று கேட்டால் ஒரு காலத்தில் எந்த லாரிக்காரனும் கை காட்டுவான். இப்போது அங்கே செல்போன் கடை. என் சிறுநீரகம் இரண்டும் கடையைச் சாத்தி இரண்டு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசியைக் குத்தி, நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவுக்கு அழ வேண்டியதில்லை. வாய்க்குத்தான் அழ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்புத் தண்ணீர். காபி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். தக்காளி கூடாது, கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர்க் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத் தின்ன வேண்டும். ஊருக்கே சோறு போட்டவளுக்கு இது தேவைதான்.

ஒன்று முடிவு பண்ணிவிட்டேன். இப்போது இந்துவுக்குக் கோடை விடுமுறை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறாள். போன வருடம் முழுக்க எனக்காக அரை நாள் லீவு போட்டுப் போட்டு ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த வருடம் அது வேண்டாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நான் டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் துக்கமில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 23, புதன்

பக்கத்துக் கட்டில் மைமூன் பீவி. என்னைவிட நாலைந்து வயது மூப்பு, அதனால் மைமூனக்கா. கருங்கல்பாளையத்து ஆள். மகன் சிக்கந்தர் ஆட்டோ ஓட்டுகிறான். ஊசி குத்தினதிலிருந்து எடுக்கிறவரை அவள் வாய் மூடாது. மருமகளைப் பற்றி, மாவு மில்லைப் பற்றி, மாடியில் காயப்போட்ட மிளகாயைப் பற்றி. தொணதொணவென்று. நான் கண்ணை மூடிக்கொண்டாலும் விடமாட்டாள்.

எதிர்க்கட்டிலில் அர்த்தநாரி அண்ணன். ரிக் வண்டி வைத்து ஊரூராய்ப் போர்வெல் போட்டவர். "ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தனுங் அம்மிணி. எனக்கு இப்ப ஒரு சொம்புக்கு மேல கெடையாதுங்" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்வார். முதல் தடவை கேட்டபோது பாவமாக இருந்தது. இப்போது அடுத்த வரியை நானே சொல்லிவிடுவேன்.

இவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம். மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் எதைத் தின்றாலும் அதிலுள்ள கெட்டதை மெஷினே இழுத்துக்கொண்டு போய்விடுமாம். டாக்டர் எப்போதோ அரை மனதாக "ஒரு வாய் சாப்பிட்டுக்குங்க" என்று சொன்னதை இவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். ஊசி குத்தி, மெஷின் சத்தம் வந்ததும், தலையணைக்கு அடியிலிருந்து பொட்டலம் வெளியே வரும். ஒரு துண்டு மாம்பழம், அரைத் தக்காளி, நாலு வேர்க்கடலை. டெக்னீசியன் பெண் மெர்லின், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, பார்த்தும் பார்க்காதது மாதிரி போவாள். "ஒரு வாய்தான், கேட்டீளா? பிரஷர் இறங்கிச்சுன்னா நான்தான் ஓடணும்."

மைமூனக்கா இன்று எனக்கு உளுந்து வடையில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். இரண்டு வருடமாக இங்கே நான் எதையும் தின்றதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்றும் வடை. வாங்கிக்கொண்டேன், சும்மா தொல்லை விடட்டும் என்று. கடித்தால் உள்ளே மாவு. எண்ணெய் காயாமல் போட்ட வடை. எவன் சுட்டான் என்று கேட்டேன். டீக்கடையாம். "இதையெல்லாம் திங்கறதுக்கு மெஷினு வேற வேணுமா? வயித்தக் கழுவ ஒரு மெஷினு தனியா வெக்கோணும்" என்றேன். அர்த்தநாரி அண்ணன் சிரித்ததில் அவர் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. மெர்லின் ஓடி வந்து கையை ஆட்டாதீர்கள் என்று திட்டினாள்.

"அப்ப நீ செஞ்சு கொண்டாயேண்டி, பெரிய மெஸ்ஸுக்காரி" என்றாள் மைமூனக்கா.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒரு காரணமும் இல்லாமல் இந்துவைத் திட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். காலையில் நான் சமையலறையில் நிற்பதைப் பார்த்து இந்து பல் தேய்த்த பிரஷ்ஷோடு வாசலில் நின்றாள். "என்னம்மா பண்றே?" "கண்ணு தெரியலியா?" என்றேன். நிற்க முடியவில்லை, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் தாளித்தேன். சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், ஒரே ஒரு தக்காளி. நெய் கடைசியில்.

ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டை. மைமூனக்கா வாயில் போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். நான் பார்க்க அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அர்த்தநாரி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரி போனதுக்கப்பறம் இந்த ருசிய நாம் பாக்கலீங் அம்மிணி" என்றார். காரம் கொஞ்சம் கூடுதல்தான். அதனாலும் கண்ணில் வந்திருக்கும்.

மே 5, திங்கள்

கொள்ளுப் பருப்பு. வெள்ளிக்கிழமை நிலக்கடலைச் சட்னியோடு ஒரு துண்டு தோசை. அதற்கு முன்னால் இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தகை, எள்ளுப்பொடி. கடைசிக் கட்டிலில் புதிதாக வந்த பாங்குக்காரரும் கை நீட்டுகிறார். முதலில் வெட்கப்பட்டார், இப்போது "நாளன்னிக்கு என்னங்க?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.

இந்து கடைக்குப் போய் வந்து, "உன்ற சந்தோசத்துக்கு மளிகைக்காரர் ஆடித் தள்ளுபடி குடுக்கோணும்" என்றாள். சந்தோஷமாம். சும்மா கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று செய்கிறேன். ஜூனுக்கென்று எடுத்த முடிவில் மாற்றமில்லை.

மே 16, வெள்ளி

மைமூனக்காவிடம், உனக்கு என்ன வேண்டும் சொல், திங்கட்கிழமை செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசிப்பதும் அபூர்வம்தான்.

"எளநீ" என்றாள். "மூணு வருசமாச்சு வேணி. சிக்கந்தர் ஆட்டோவுல போறப்ப வழியெல்லாம் குமிச்சு வச்சிருக்கான். நான் அந்தப் பக்கம் திரும்பாம போவேன்."

இளநீரில் இருக்கிற பொட்டாசியம் எங்களைப் போன்றவர்களுக்கு விஷம் மாதிரி, இதயத்தைப் பிடித்துவிடும். ஆனால் முதல் மணி நேரத்தில் ஒரு சின்ன டம்ளர் என்றால் மெஷின் பார்த்துக்கொள்ளாதா? இளநீர்ப் பாயசம் செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். வழுக்கையை அரைத்து, இளநீர் விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, ஏலக்காய். மெஸ்ஸில் சித்திரை ஒன்றுக்கு மட்டும் செய்வேன். பாத்திரம் கழுவக்கூட மிஞ்சாது.

மே 19, திங்கள்

ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்தம் செய்கிற மோட்டார் எரிந்துவிட்டது. மெஷினுக்கு அந்தத் தண்ணீர் இல்லாமல் ஓடாது. வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்காரவைத்துவிட்டு, நாளைக் காலையில் வாருங்கள் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாயசம் நன்றாக வந்திருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மே 20, செவ்வாய்

காலையில் போனோம். பக்கத்துக் கட்டில் காலி. விடியற்காலையில் மைமூனக்கா கை கால் விளங்காமல் விழுந்துவிட்டாளாம். சிக்கந்தர் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். இதயம் நின்று நின்று ஓடியதாம். ஐசியூவில் வைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஏற்கெனவே இதயம் வீக்கு. அது எல்லோருக்கும் தெரியும்.

மே 21, புதன்

மெர்லின் ஒவ்வொரு கட்டிலாக வந்து கேட்டாள், திங்கட்கிழமை பெஞ்சில் காத்திருந்தபோது யார் யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று. அர்த்தநாரி அண்ணனுக்கு இனிப்பு ஆகாது, "நாக்குல தொட்டதுதானுங்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றேன். அது பொய்யில்லை.

வார்டுக்குள் இனிமேல் சாப்பாடு கூடாது என்று சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

மே 23, வெள்ளி

தேங்காய்ப்பால் சேர்த்தது சித்திரை வைகாசி வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? திரிந்துபோனால் கொட்டத்தான் வேண்டும். சமையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "பத்து நிமிசத்துல ஆரம்பிச்சிருவோம்" என்று அன்றைக்கு அந்த மெர்லின் பிள்ளையே வாயால் சொன்னாள். நன்றாயிருக்கும்போதே பரிமாறிவிட வேண்டும் என்பது மெஸ்காரி புத்தி. வருகிற ஆளுக்குப் பசி ஆறினால் சரி என்று நினைப்பேனே தவிர, வேறு நினைத்துப் பழக்கமில்லை.

மே 26, திங்கள்

போன திங்கட்கிழமை பாயசத்தில் என் பங்கையும் மைமூனக்காவுக்கே கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டு டம்ளரையும் குடித்தாள். "என்னா ருசிடி வேணி" என்றாள். அதைக் கேட்கத்தான் கொடுத்தேன். எழுதிவிட்டேன், போதும்.

மே 30, வெள்ளி

போனேன், வந்தேன். நாலு மணி நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காலில் நரம்பு இழுத்தது. யாரையும் கூப்பிடவில்லை. மைமூனக்கா கண் விழித்துவிட்டாள், அங்கேயே டயாலிசிஸ் செய்கிறார்கள் என்று மெர்லின் சொன்னாள். போய்ப் பார்க்கலாமே என்றாள் இந்து. எந்த முகத்தோடு போவது?

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். இந்துவின் புடவைக்கு இஸ்திரி போட்டேன், வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரிக்கு இனிமேல் நானே ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். "தனியாவா?" என்றாள். "நடந்தா போறேன்? உக்காந்துதானே போறேன்" என்றேன். நம்பிவிட்டாள். அவள் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். எனக்குப் பிறகு இந்த வீட்டில் தட்டு வைத்து அவளுக்குச் சோறு போட ஆள் கிடையாது. அதை யோசிக்க ஆரம்பித்தால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஜூன் 2, திங்கள்

ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி வேண்டாம், பூங்காவில் இறக்கிவிடுங்கள் என்றேன்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் பானையில் மோர் விற்றாள். கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி தட்டிப் போட்டது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். இன்னொன்று. பிறகு தண்ணீர் கேட்டேன். அவள் சொம்போடு கொடுத்தாள். அண்ணாந்து, தொண்டையில் கடகடவென்று இறங்க, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தேன். அப்படிக் குடித்து இரண்டு வருடமாகிறது. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே பானைத் தண்ணீர்தான் இருக்கும்.

"அத்தன தாகமாங் அம்மா?" என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்றேன்.

ஜூன் 4, புதன்

இன்றும் பூங்கா. மோர் இறங்கவில்லை, வாயில் இரும்பு ருசி. மெர்லின் போன் செய்தாள். சொந்தத்தில் கல்யாணம், தாராபுரத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பின்னால் ஐஸ்காரன் மணியடித்துவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன். "கால் ஏம்மா இப்படி வீங்கியிருக்கு? நேத்து மெஷின் சரியா இழுக்கலியா?" என்று இந்து தரையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள். அவள் விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. வெயிலுக்கு என்றேன். பயமாக இல்லை என்று எழுத வந்தேன். பயமாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

இதை மறுநாள் எழுதுகிறேன். தேதி மட்டும் நேற்றையது.

இந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள். பத்தரை இருக்கும், போன் அடித்தது. மெர்லின். "அம்மா, இங்க ஒரே ரகளை. நீங்களே பேசுங்க." உடனே வேறு குரல். தேய்ந்த குரல், ஆனால் யாரென்று கேட்க வேண்டியதில்லை.

"எங்கடி இருக்கே?"

"வீட்டுலதானுங்கா."

"தாராபுரத்துல கல்யாணம்னு சொன்னியாம். யாருக்குடி கல்யாணம், உனக்கா?"

எனக்குப் பேச மூச்சு வரவில்லை. அது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"இத பாரு வேணி. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து இன்னைக்குத்தான் இங்க வந்திருக்கேன். கட்டில்ல உக்காந்திருக்கேன். நீ வந்து பக்கத்துக் கட்டில்ல படுக்குற வரைக்கும் நான் ஊசிக்குக் கைய நீட்ட மாட்டேன். என்ற நெஞ்சு எத்தன நேரம் தாங்கும்னு டாக்டருக்கே தெரியலியாம். உனக்குத் தெரிஞ்சா வீட்டுலயே இரு. சிக்கந்தர் ஆட்டோவ எடுத்துட்டு வந்துட்டிருக்கான்."

வைத்துவிட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். போகக் கூடாது என்று ஒரு மனது. அவள் சொன்னால் செய்வாள், பிடிவாதக்காரி. ஒரு தடவை அவளை ஐசியூவுக்கு அனுப்பியாயிற்று. சிக்கந்தர் வந்து என்னைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வழியில், "சாஞ்சு உக்காருங்கம்மா, மெதுவாத்தான் போறேன்" என்றான்.

சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். மைமூனக்கா பாதியாகியிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. கையைக் கட்டிக்கொண்டு, சண்டைக்காரி மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர், மெர்லின், இரண்டு நர்ஸ் எல்லோரும் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வலது கையை அலட்சியமாக நீட்டி, "இப்பக் குத்துங்க" என்றாள்.

எனக்கும் ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் முகமூடியை ஒதுக்கிக்கொண்டு, "நாந்தானுங்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை, அழுதுவிட்டேன். மெஸ்ஸை மூடியபோதுகூட அழாதவள் நான்.

"என்னத்த நீதான்? நான் கேட்டேன், நீ குடுத்தே. மூணு வருசத்துக்கப்புறம் எளநீ குடிச்சேன். வாய்ல குழாயச் சொருகி வச்சிருந்தப்பக்கூட எனக்கு அந்த ருசிதான் இருந்துச்சு. இப்ப நீ வந்து அது தப்பு, அது பாவம்னு சொல்லி என்கிட்ட இருந்து அதப் புடுங்கிக்காதே. எனக்குன்னு இருக்கறது அதொண்ணுதான்."

அர்த்தநாரி அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்து வந்தாள். மெர்லின் சொல்லியிருப்பாள். சாக்பீஸ் படிந்த கையோடு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். என் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு லீவு போச்சுன்னா போகட்டும்மா. வேலையே போச்சுன்னாலும் வேற வேலை தேடிக்குவேன். வேற அம்மா எங்க போய்த் தேடறது?" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

சிக்கந்தர் இப்போது அவன் அம்மாவோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறான். என் வீடு அவன் போகிற வழியில் இல்லை, சுற்றுதான். கேட்டால் ஒரே வழிதான் என்று சாதிக்கிறான்.

வார்டில் சாப்பாடு கிடையாது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் தலையணையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. மைமூனக்கா, "வாயத் தொறந்து சொல்லவாச்சும் செய்யேண்டி, இன்னைக்கு என்ன சமைச்சிருப்பே?" என்றாள்.

செலவு ரசம் என்றேன், எங்கள் பக்கத்து மசாலா ரசம். சொன்னால் போதாது, வை என்றாள். வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்து, மிளகு சீரகம் வறுத்து, அம்மியில் அரைத்து, கோழியை மஞ்சள் போட்டுக் கழுவி, எல்லாம் வாயாலேயே. அவசரப்படவில்லை. கொதி வருகிற நேரம்வரை கொதிக்கவைத்தேன். பாங்குக்காரர் எச்சில் விழுங்கினது இங்கே கேட்டது. இறக்கி ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கலுங் அம்மிணி" என்றார் அர்த்தநாரி அண்ணன்.

"நான் உப்பே போடலீங்ணா. நமக்குத்தான் ஆகாதே" என்றேன். மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 2, புதன்

மைமூனக்காவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. நெய்ச்சோற்றுக்கு அரிசியை ஊறவைக்க வேண்டும் என்கிறாள், வேண்டாம் என்கிறேன். அடுத்த கட்டில்காரர்கள் கட்சி பிரிந்துவிட்டார்கள். கடைசியில் அவள் சோறு குழைந்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல, "பாக்காமயே எப்படிடி சொல்றே?" என்று அவள் கேட்க, டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிரஷர் எல்லோருக்கும் நன்றாக இருந்ததாம். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவிலும் சண்டை தொடர்ந்தது.

ஜூலை 14, திங்கள்

மைமூனக்காவால் அதிகம் பேச முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாள். அவளுக்காகச் சத்தம் போட்டுச் சமைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மைமூனக்கா போய்விட்டாள். காலையில் டீ கேட்டாளாம், போட்டு எடுத்து வருவதற்குள்.

ஜூலை 23, புதன்

நேற்று இந்துவோடு போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைத் துணிக்குள் சின்னதாக இருந்தாள். பெண்கள் எனக்கு இடம் விட்டு நாற்காலி போட்டார்கள். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனம் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பாயசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்று டயாலிசிஸுக்குப் போகவில்லை. இந்து கெஞ்சினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாளைக்கும் சொல்லப் போவது அதைத்தான்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் குளிக்கவில்லை. இந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, புறப்பட்டுக் கையில் சாவியோடு கூடத்தில் நின்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

வெளியே ஆட்டோ சத்தம். வழக்கமான நேரம். இந்து போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, சிக்கந்தர் அண்ணன்" என்றாள்.

எழுந்து வாசலுக்குப் போனேன். மூன்று நாள் தாடி. கண் சிவந்திருந்தது. பின் சீட்டில் அவன் அம்மா சாய்ந்துகொள்கிற தலையணைகூட அப்படியே இருந்தது.

"நீ எதுக்கு சாமி வந்தே? அம்மாவே போயிட்டாங்களே" என்றேன்.

"தெரியலம்மா. இந்த நேரத்துக்கு வண்டிய எடுத்தா எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல" என்றான்.

அவனைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து ஏறினேன். இந்துவும் ஏறிக்கொண்டாள். சுற்றுவழியிலேயே போனான்.

மெர்லின் ஊசி போட்டாள். என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்தது. பாங்குக்காரர் செய்தித்தாளை மூஞ்சிக்கு நேராகப் பிடித்திருந்தார், பக்கம் திருப்பவில்லை. முதல் மணி நேரம் இத்தனை நீளம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. எழுந்து போய்விடலாமென்றால் கையில் ஊசி.

எதிர்க்கட்டிலிலிருந்து அர்த்தநாரி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே, "அம்மிணி, அடுப்பப் பத்த வெச்சாச்சுங்களா?" என்றார்.

"வெச்சாச்சுங்ணா" என்றேன்.

"என்னங் இன்னைக்கு?"

"நெய்ச்சோறு. அரிசிய ஊறப் போட்டிருக்கறனுங்."

அதைச் சொன்னதும் கண்ணில் பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கவும் முடியவில்லை. ஒரு கையில் ஊசி, மறு கையில் பிரஷர் பட்டை. இந்து எழுந்து வந்தாள். அர்த்தநாரி அண்ணன் பதறிக்கொண்டு, "ஏனுங் அம்மிணி, அழுகறீங்களா?" என்றார்.

"நான் எதுக்கு அழுகறேன்? சின்ன வெங்காயம் உரிக்கறனுங். சித்த நேரம் ஆகும். அவசரப்பட்டா நீங்க வந்து உரிங்க" என்றேன்.

நிறைய வெங்காயம். உரித்து முடிக்கிறவரை யாரும் ஒன்றும் பேசவில்லை.